டம்ளர் காலியாகுற வரைக்கும்

வார்டு அக்கா பதில்கள்

34 வருஷம் வார்டில் நின்று தலைமைச் செவிலியராக ஓய்வுபெற்று, இப்போது மதுரை செல்லூரில் வசிக்கும் ‘வார்டு அக்கா’ வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செவிலியர்களின் வாட்ஸ்அப் குழுக்களையும் அங்கே கொட்டப்படும் புலம்பல்களையும் பற்றியே இருந்தன. அவற்றை மட்டும் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

*

அன்புள்ள அக்காவுக்கு, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். 2020 கொரோனா நேரத்தில் எங்கள் செட் பிள்ளைகள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். எங்கே பெட் இருக்கிறது, எங்கே ஆக்சிஜன் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளத்தான். இப்போது 230 பேர் இருக்கிறோம், நான்தான் அட்மின். இன்றைக்குத் திறந்தால் ஒரே புலம்பல். இன்சார்ஜைத் திட்டுகிறார்கள், டாக்டரைத் திட்டுகிறார்கள், நோயாளியோடு வந்தவர்களைத் திட்டுகிறார்கள். நல்ல பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியேறுகிறார்கள். ‘இனி யாரும் நெகட்டிவாகப் பேசக் கூடாது’ என்று விதி போட்டேன். உடனே ஒருத்தி, ‘வார்டிலும் வாயை மூடணும், வீட்டிலும் மூடணும், இங்கேயும் மூடணுமா?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. குழுவைக் கலைத்துவிடலாமா?
— பெயர் வேண்டாம், கே.கே. நகர், மதுரை

அந்தப் பொண்ணு கேட்டது நியாயமான கேள்வி. முதல்ல அந்த விதியை எடுத்துருங்கம்மா.

நர்ஸு புலம்பாம இருக்க முடியாது. செத்துப் போனவருக்குக் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டி அனுப்பிட்டு, பத்தாவது நிமிஷம் பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட ‘சாப்டீங்களாய்யா’ன்னு கேக்கணும். இதை வீட்டுல போய்ச் சொன்னா, ‘சோறு திங்கிற நேரத்துல எதுக்கு இந்தப் பேச்சு’ம்பாங்க. அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியாது. நர்ஸோட பாரத்துக்குச் சுமைதாங்கி இன்னொரு நர்ஸுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல எனக்கு ஒரு சீனியர் அக்கா இருந்தாங்க. நைட் முடிஞ்சு, அடுத்த டியூட்டிக்காரங்ககிட்ட வார்டை ஒப்படைச்சுட்டு வெளிய வர ஏழரை, எட்டு ஆயிரும். கோரிப்பாளையம் பக்கம் தள்ளுவண்டியில ஒருத்தர் பருத்திப்பால் விப்பார். கருப்பட்டியும் சுக்கும் சேர்ந்து கொதிக்கிற வாசனை தெருமுனைக்கே வரும். அக்கா ரெண்டு டம்ளர் வாங்கி ஒண்ணை என் கையில குடுத்துட்டு, ‘ம்... சொல்லு’ம்பாங்க. அம்புட்டுதான். நான் அழுதுக்கிட்டே கொட்டுவேன். ‘டாக்டர் எல்லார் முன்னாடியும் கேஸ் ஷீட்டைத் தூக்கி எறிஞ்சாருக்கா’, ‘அந்தப் பிள்ளை செத்துப் போச்சுக்கா, அவங்க ஆத்தா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லக்கா’. அக்கா ஒரு வார்த்தை குறுக்க பேச மாட்டாங்க. ‘எனக்கும் இப்படித்தான் நடந்துச்சு’ன்னு அவங்க கதையை எடுத்துவிட மாட்டாங்க. பருத்திப்பால் சூடா, கெட்டியா இருக்கும். ஊதி ஊதிக் குடிக்கக் கால் மணி நேரம் ஆகும். டம்ளர் காலியானதும் ஒரு கேள்வி கேப்பாங்க. ‘சரி, இன்னைக்கு நைட் வந்து என்ன செய்யப் போற?’ அந்தக் கேள்வியோட புலம்பல் முடிஞ்சிரும். பஸ் ஏறி வீட்டுக்கு வந்து தூங்கிருவேன்.

உங்க குழுவுல இல்லாதது அந்தக் காலி டம்ளர்தாம்மா. ஒருத்தி நைட் முடிச்சுக் கொட்டிட்டுத் தூங்கப் போறா. டே டியூட்டிக்குக் கிளம்புறவ பஸ்ல அதைப் படிச்சுக்கிட்டே வார்டுக்குள்ள வர்றா. மத்தியானம் இன்னொருத்தி ‘எங்க ஆஸ்பத்திரியில இதை விடக் கேவலம்’னு போடுறா. ஆஃப்ல வீட்டுல புள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கிறவ கையிலயும் அந்த போன்தான் இருக்கு. 230 பேரோட நைட் டியூட்டியை ஒருத்தி ஒரே நாள்ல பார்த்த மாதிரி ஆயிருது. கொட்டினவளுக்கும் ஆறுறது இல்ல. ராத்திரி எந்திரிச்சு எத்தனை பேரு பதில் போட்டாங்கன்னு பார்க்கிறா. பார்த்ததும் அதே கோவம் திரும்ப வருது.

கோவத்தைக் கொட்டினா தணிஞ்சிரும்னு நாம நம்புறோம். அமெரிக்காவுல 2002ல ஒரு ஆய்வு வந்துச்சு. 600 மாணவர்கள். அவங்க எழுதின கட்டுரையை வேணும்னே மட்டம் தட்டிக் கோவப்படுத்தினாங்க. சில பேரை, மட்டம் தட்டினவனை நினைச்சுக்கிட்டே குத்துமூட்டையில குத்தச் சொன்னாங்க. சில பேரை ரெண்டு நிமிஷம் சும்மா உக்கார வச்சாங்க. சும்மா உக்காந்திருந்தவங்களை விடக் குத்தினவங்களுக்குத்தான் கோவம் ஏறியிருந்துச்சு. அதுக்கு முன்னாடி, 1986ல வந்த இன்னொரு ஆய்வு வேற மாதிரி. மனசை அழுத்துற விஷயத்தைத் தனியா உக்காந்து தினம் 15 நிமிஷம், நாலு நாள் மட்டும் எழுதச் சொன்னாங்க. எழுதி முடிச்ச கையோட மனசு கனமாத்தான் இருந்துச்சு. ஆனா அடுத்த ஆறு மாசத்துல அவங்க ஆஸ்பத்திரிக்குப் போனது குறைஞ்சிருச்சு. பதினஞ்சு நிமிஷம், நாலு நாள்! எனக்கு அந்தப் பருத்திப்பால் டம்ளர் ஞாபகம்தான் வந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். குழுவுல யாரு ரொம்பக் கசப்பாப் பேசுறாங்களோ அவங்களைக் கெட்டவங்கன்னு ஒதுக்காதீங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல, வேலை அழுத்தத்தால வர்ற ‘பர்ன் அவுட்’டுக்கு மூணு அடையாளம் சொல்லுச்சு. உடம்பும் மனசும் ஓஞ்சு போறது ஒண்ணு. செய்யிற வேலையில இருந்து மனசு விலகி அதன் மேலேயே கசப்பு வர்றது ஒண்ணு. நாம செய்யிறது எதுவும் உருப்படியா இல்லன்னு தோணுறது ஒண்ணு. ஆக, நீங்க தடை போட நினைச்ச அந்தக் கசப்பே ஒரு அறிகுறி. காய்ச்சல்காரிகிட்ட இனி உடம்பு சுடக் கூடாதுன்னு உத்தரவு போடுவோமா?

அதே மாதிரி, ஒருத்தி ‘இன்னைக்கு என் பேஷன்ட் போயிட்டாங்க, சாப்பிடவே முடியல’ன்னு எழுதினா, அதுக்குக் கீழ ரோஜாப்பூ படத்தோட ‘இனிய காலை வணக்கம்’ போடுற ஆளுங்க இருப்பாங்க. அதை மட்டும் என்னால பொறுக்க முடியாதும்மா. திட்டுறவளை விட அது கொடுமை.

இப்ப என்ன செய்யலாம்னு கேட்டீங்களே. குழு இருக்கட்டும். அதைத் தகவலுக்குன்னு வச்சுக்கோங்க. டியூட்டி மாத்திக்கிறது, எங்க வேலை காலி இருக்கு, நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கிறது, ரத்தம் வேணும்கிறது. இதுக்கு 230 பேர் இருக்கிறது பெரிய பலம். புலம்பலுக்கு 230 பேர் வேண்டாம், ஒரு ஆள் போதும். புதுசா வர்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சீனியரைச் சேர்த்து விடுங்க. குழுவுல யாராவது உடைஞ்சு போய் எழுதினா, படிச்ச முதல் ஆள் அங்க பதில் போடாம போனை எடுத்துக் கூப்பிடட்டும். ‘நான் கூப்பிட்டுட்டேன்’னு ஒரு வரி போட்டா மத்தவங்க தொடர வேண்டியதில்ல.

மூணாவது ஒரு வகை இருக்கு. அது புலம்பலே இல்ல, புகார். ஆள் பத்தல, சம்பளம் பத்தல, நைட்டுக்கு செக்யூரிட்டி இல்ல, பாத்ரூம்ல தண்ணி இல்ல. இதைப் புலம்பலாப் பேசிப் பேசியே நாம ஆற விட்டுடுறோம்.

என் கதையையே சொல்றேன். 42 கட்டில் வார்டு. பாய் விரிச்சுத் தரையில படுத்தவங்களைச் சேர்த்தா அம்பதைத் தாண்டும். நைட்டுக்கு ஒரே ஸ்டாஃப். ரெண்டு வருஷம் புலம்பினோம், எதுவும் நடக்கல. அந்த சீனியர் அக்காதான் ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் குடுத்து, ‘அழுததெல்லாம் போதும், எண்ணு’ன்னாங்க. தேதி, எத்தனை பேஷன்ட், எத்தனை ஸ்டாஃப், பத்து மணி ஊசி எத்தனை மணிக்குப் போட்டு முடிஞ்சது. நாலே கட்டம். மூணு பேர் முறை வச்சு 61 நாள் எழுதினோம். பத்து மணி ஊசி பன்னெண்டே காலுக்கு முடிஞ்ச நாளெல்லாம் அதுல இருந்துச்சு. மூணு பேரும் கையெழுத்துப் போட்டு மேல குடுத்தோம். எல்லாம் மாறிடல. ஆனா நைட்டுக்கு ரெண்டாவது ஸ்டாஃப் வந்தாங்க.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல்னா நமக்கு விளக்குதான் ஞாபகம் வரும். அந்தம்மா கிரிமியப் போர்ல பார்த்ததை எண்ணி எண்ணி, 1858ல படமா வரைஞ்சு, காயத்தால செத்தவங்களை விடத் தடுக்கக்கூடிய நோயால செத்த சிப்பாய்கள்தான் அதிகம்னு அரசாங்கத்துக்குக் காட்டினாங்க. எண்ணிக்கைக்கு முன்னாடி யாரும் ‘நீ ரொம்ப நெகட்டிவ்’னு சொல்ல முடியாது.

உங்க கையில அளவுகோலும் இருக்கு. இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி, பயிற்சி மருத்துவமனை பொது வார்டுல 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மத்த மருத்துவமனையில 5 பேருக்கு ஒருத்தர், ஐசியூவுல ஒருத்தருக்கு ஒருத்தர். சம்பளத்துக்கு, உச்ச நீதிமன்றம் 2016ல சொன்னதுக்கு அப்புறம் மத்திய அரசு அமைச்ச கமிட்டி ஒரு கணக்குக் குடுத்துச்சு. 50 படுக்கைக்குக் கீழ இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியில கூட மாசம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 200 படுக்கைக்கு மேலன்னா அரசு நர்ஸுக்குச் சமமாக் குடுக்கணும். தனியா ஒருத்தி பேப்பரை நீட்டினா அவளுக்கு மெமோதான் வரும். வார்டே சேர்ந்து கையெழுத்துப் போட்டா உக்கார வச்சுப் பேசுவாங்க. 2015ல அரசோட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்ஆர்பி) மூலமா மாசம் 7,700 ரூபாய்க்கு எடுத்த ஒப்பந்த நர்ஸுகளை நினைச்சுப் பாருங்க. 2017 நவம்பர்ல சென்னையில மருத்துவத் துறை தலைமை அலுவலகம் இருக்கிற டிஎம்எஸ் வளாகத்துல போய்ப் போராட்டத்துல உக்காந்தாங்க. அந்தத் தொகுப்பூதியம் பின்னாடி 14,000, அப்புறம் 18,000ன்னு ஏறுனதுக்குப் பின்னாடி அந்த உக்காந்ததும் இருக்கு.

அட்மினா இருக்கிறதால உங்க மேல கேஸ் வருமோங்கிற பயம் கடிதத்துல வரிக்கு நடுவுல தெரியுது. 2021 டிசம்பர்ல நம்ம மதுரைக் கிளை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கு: வெறும் அட்மினா மட்டும் இருந்தா, இன்னொருத்தர் போட்ட பதிவுக்கு அவரைக் குற்றவாளியாக்க முடியாதுன்னு. அதுக்காகக் கண்ணை மூடிக்க வேண்டாம். நோயாளியைப் பத்தின படமோ பேச்சோ வந்தா அந்த நிமிஷமே அழிச்சிருங்க. ஏன்னு கீழ இன்னொரு கடிதத்துக்குச் சொல்றேன்.

*

அக்கா, நான் ஆண் செவிலியர். குழுவில் ஒரு நாள் மனம் விட்டு எழுதினேன். ‘ஆம்பளை இதுக்கெல்லாம் அழுவியா’ என்று கேலி செய்தார்கள். அதிலிருந்து வாயே திறப்பதில்லை.
— வாசகர், மேலூர்

தம்பி, வார்டுல குடிச்சுட்டு ஒருத்தன் ரகளை பண்ணா உன்னைத்தான் கூப்பிடுறாங்க. கனமான ஆளைப் புரட்டணும்னா நீ. மார்ச்சுவரிக்குத் தள்ளிட்டுப் போகணும்னாலும் நீ. பொங்கலன்னைக்கு அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதுக்கு மறுநாள் அலங்காநல்லூர்னு மூணு நாளும் மாடு முட்டின கேஸ் வரிசையா வர்றப்போ கேஷுவால்டியில நிக்கிறதும் உன்ன மாதிரிப் பசங்கதான். குடல் சரிஞ்சு வந்தவன் உன் வயசுப் பையனா இருப்பான். அதைப் பார்த்துட்டு அழுகை வரலைன்னாதான் நான் கவலைப்படுவேன். கேலி பண்ணவங்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டாம். உன்னோட வேலை பார்க்கிறவங்கள்ல ஒரே ஒருத்தரைத் தேர்ந்தெடு. மேலூர் பஸ் ஸ்டாண்டுல நின்னு டீ குடிச்சுக்கிட்டே சொல்லு.

*

அம்மா, நான் திருமங்கலம் பக்கத்தில் மல்லிகை விவசாயி. ஒரே மகள், பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் வருஷம். கடன் வாங்கித்தான் சேர்த்தேன். சீனியர்கள் இருக்கும் ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்ததிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. ‘இந்த வேலைக்கு வராதே, வந்தால் செத்தாய்’ என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்களாம். படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்கிறாள். போனைப் பிடுங்கி வைக்கட்டுமா?
— ஒரு தகப்பன்

ஐயா, போனைப் பிடுங்காதீங்க. நீங்களும் வாயை மூடச் சொல்றீங்கன்னு ஆயிரும்.

நீங்க விடியக்காலை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மூட்டையோட வர்றவர்தானே. மல்லி விலை விழுந்த அன்னைக்கு மார்க்கெட் வாசல்ல என்ன பேச்சு ஓடும்னு உங்களுக்குத் தெரியும். ‘பறிகூலிக்குக் கூடக் கட்டுப்படியாகல, தோட்டத்தையே அழிச்சிரலாம்’பாங்க. பேசுறது பொய்யில்ல, வயித்தெரிச்சல். அதை மட்டும் கேட்டுட்டு ஒருத்தன் வீட்டுக்குப் போய் மல்லிச்செடியை வெட்டிப் போட்டா நீங்க என்ன சொல்வீங்க? விலை ஏறுன நாள்ல வாசல்ல நின்னு பேசுறவங்க யாரு? காசை வாங்கி மடியில கட்டிக்கிட்டுப் பஸ் ஏறிருவாங்க.

குழுவும் அப்படித்தான். டியூட்டி நல்லபடியாப் போனவ வீட்டுக்குப் போய்த் தூங்குறா. அவ எழுதுறதே இல்ல.

அதுக்காக மகள்கிட்ட ‘எல்லாம் சும்மா சொல்றாங்க’ன்னு சொல்லிராதீங்க. சம்பளம் பல இடத்துல குறைச்சல்தான், உண்மை. மேல நான் எழுதின 20,000 ரூபாயை எட்டாத தனியார் ஆஸ்பத்திரிகள் ஏராளம். நைட் டியூட்டி உடம்பை வாட்டும், உண்மை. கூட வந்தவங்க அடிக்கக் கை ஓங்கின சம்பவம் உண்டு. அதுக்குன்னே தமிழ்நாட்டுல 2008ல ஒரு சட்டம் கொண்டு வர வேண்டியிருந்துச்சு. இதெல்லாம் தெரிஞ்சுதான் பிள்ளை வரணும்.

ஆனா இதுவும் தெரிஞ்சு வரணும். என் முதல் வருஷத்துல, குழந்தைங்க வார்டுல, வயித்துப்போக்குல வந்த எட்டு மாசப் பிள்ளை. உடம்புல தண்ணியே இல்ல. நரம்பு எங்கயும் தட்டுப்படல. ரெண்டு பேர் குத்திப் பார்த்துட்டு விட்டுட்டாங்க. நான் விளக்கைப் பக்கத்துல இழுத்து, தலையில நெத்திக்கு மேல முடியை ஒதுக்கி, விரல் நுனியால தடவிக்கிட்டே இருந்தேன். நூல் மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. ஊசி உள்ள போனதும் ரத்தம் ஒரு சொட்டு பின்னாடி வந்துச்சு பாருங்க, அப்ப எனக்கு மூச்சு வந்துச்சு. காலையில ஆறு மணிக்கு அந்தப் பிள்ளை அழுதுச்சு, கண்ணுல தண்ணியோட. முந்தின நாள் ராத்திரி கண்ணீர் கூட வராம அழுத பிள்ளை அது. இந்த வேலையில அப்படி ஒரு காலை இருக்குன்னு அந்தக் குழுவுல யாரும் எழுதியிருக்க மாட்டாங்க.

உங்க ஊர்லயோ பக்கத்து ஊர்லயோ பத்து வருஷமா இந்த வேலையில இருக்கிற ஒரு நர்ஸ் கண்டிப்பா இருப்பாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. அவங்க வீட்டுக்கு மகளை ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போங்க. நீங்க வெளித்திண்ணையில உக்காந்துக்கோங்க, ரெண்டு பேரும் உள்ள பேசட்டும். அதுக்கு அப்புறமும் வேண்டாம்னா பிள்ளை பேச்சைக் கேளுங்க ஐயா. கடனைக் காட்டி இழுக்காதீங்க. மனசில்லாதவ கையில ஊசியைக் குடுக்கக் கூடாது.

*

அக்கா, பெரிய தவறு செய்துவிட்டேன். நைட் டியூட்டியில் ஒரு பெண்மணி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எரிச்சலில் குழுவில் குரல் பதிவு போட்டேன். பெயர் சொல்லவில்லை. ஊர்ப் பெயர், என்ன நோய், எந்தக் கட்டில் என்று சொல்லி, அவர் பேசுவது போலப் பேசிக் காட்டினேன். நிறையப் பேர் சிரித்தார்கள். யாரோ அதை வெளியே அனுப்ப, மூன்றாம் நாள் அந்தப் பெண்மணியின் தம்பிக்கே போய்விட்டது. அவர் இன்னும் எங்கள் வார்டில்தான் இருக்கிறார். ‘பெயர் சொல்லவில்லையே’ என்று தோழிகள் தைரியம் சொல்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.
— உசிலம்பட்டி

தூக்கம் வரலைங்கிறதை நான் நல்ல விஷயமாப் பார்க்கிறேன் கண்ணு.

பேர் சொல்லலைங்கிற பேச்சு நம்ம பக்கம் எடுபடாது. ஊரைச் சொல்லி, நோயைச் சொல்லி, கட்டில் நம்பரைச் சொன்னா, அந்த ஊர்ல மந்தையில உக்காந்திருக்கிற பெரியவர் கூட ‘இன்னார் வீட்டுப் பொண்ணு’ன்னு சொல்லிருவார். நம்ம எல்லாரும் படிக்கையில விளக்கேத்தி உறுதிமொழி எடுத்தோமே, 1893ல இருந்து சொல்லிட்டு வர்ற உறுதிமொழி. நோயாளியோட சொந்த விஷயம் எதுவும் என் வாயில இருந்து வெளிய போகாதுன்னு அதுல ஒரு வரி இருக்கு.

நானும் இந்தத் தப்பைச் செஞ்சவதான். போன் இல்லாத காலம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெண்கள் வார்டு. சர்க்கரைப் புண்ணோட ஒரு பாட்டி. கூட இருந்தது அவங்க மக, நாப்பது வயசு இருக்கும், தறிக்குப் பாவு ஓட்டுறவங்க. ராத்திரி முழுக்கக் கூப்பிட்டாங்க. ‘சிஸ்டர், அம்மாவுக்குக் குளுருது’, ‘சிஸ்டர், டிரிப்ஸ் நிக்குது’. ரெண்டரை மணிக்கு மேசையில வந்து உக்காந்து, கூட இருந்த ஸ்டாஃப்கிட்ட, ‘இந்தக் கிழவி போனாத்தான் வார்டுக்கு விடிவு’ன்னேன். திரும்பிப் பார்த்தா அந்தம்மா பின்னாடி நிக்கிறாங்க. கையில பிளாஸ்க். எங்களுக்கு டீ வாங்கிட்டு வந்திருக்காங்க.

சண்டை போடல. பிளாஸ்க்கை மேசையில வச்சாங்க. ‘இனிமே கூப்பிட மாட்டேன் சிஸ்டர்’னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

கூப்பிடவே இல்ல. அஞ்சு மணி ரவுண்டுக்குப் போறேன், பாட்டியோட இடது கை முழங்கை வரைக்கும் பானை மாதிரி வீங்கியிருக்கு. ஊசி நரம்பை விட்டு வெளிய வந்து, டிரிப்ஸ் பூரா தோலுக்கு அடியில ஏறியிருக்கு. அந்தம்மா அந்தக் கையைத் தன் மடியில வச்சு, சேலைத் தலைப்பை நனைச்சு ஒத்தடம் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. பார்த்துக்கிட்டே இருந்திருக்காங்க. என்னைக் கூப்பிட பயம். நான் ஓடிப் போய் டிரிப்ஸை நிறுத்தி, கையைத் தலையணை மேல தூக்கி வச்சு, டாக்டரைக் கூப்பிட்டு எல்லாம் பண்ணேன். வீக்கம் வடிய நாலு நாள் ஆச்சு. நாலு நாளும் அந்தம்மா என் முகத்தைப் பார்க்கல. கடைசி நாள் நான் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன். ‘விடுங்க சிஸ்டர், உங்களுக்கும் தூக்கம் இல்லாத பொழப்பு’ன்னாங்க. அந்தம்மாவுக்கு என் மேல கோவப்படக் கூட வழி இல்லாம இருந்துச்சுன்னு பல வருஷம் கழிச்சுத்தான் எனக்குப் புரிஞ்சது.

அதனாலதான் சொல்றேன், உன் வேலை போகுமாங்கிற கேள்வி ரெண்டாவது. அந்தப் பெண்மணி இன்னும் உங்க வார்டுல இருக்காங்க. இன்னைக்கு ராத்திரி மூச்சு முட்டினா அவங்க கூப்பிடுவாங்களா? அதை முதல்ல பாரு. குரல் பதிவை அழிச்சுட்டு, வெளிய தெரியிறதுக்குக் காத்திருக்காம நீயே இன்சார்ஜ்கிட்ட போய் உண்மையைச் சொல்லு. மெமோ வந்தா வாங்கிக்கோ. இன்சார்ஜோட சேர்ந்து போய் அந்தப் பெண்மணிகிட்டயும் தம்பிகிட்டயும் மன்னிப்புக் கேளு. காரணம் சொல்லாத. நைட்டு, ஆள் பத்தல, தலைவலி, எதையும் இழுக்காத. ‘நான் பேசினது தப்பு. எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க, வருவேன்’. இவ்வளவுதான் சொல்லணும். அப்புறம் அவங்க கூப்பிடாமலே ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அந்தக் கட்டில்கிட்ட போ. சிரிச்ச தோழிகளுக்கும் இந்தப் பதிலைப் படிக்கக் குடு.

*

அக்கா, எங்கள் குழுவில் ஒரு பெண் இரவு இரண்டு மணிக்கு ‘இனி முடியல, எல்லாத்தையும் முடிச்சுக்கலாம்னு இருக்கு’ என்று எழுதினாள். 14 பேர் அழுகிற பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன். காலையில் அவள் அந்தப் பதிவை அழித்துவிட்டாள். டியூட்டிக்கும் வந்துவிட்டாள், சாதாரணமாகத்தான் பேசுகிறாள். அவள் எப்போதும் புலம்புகிறவள்தான். பெரிதுபடுத்த வேண்டாம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.
— வாடிப்பட்டி

இந்தக் கடிதம் என் கைக்கு வந்த அன்னைக்கே உங்களுக்குப் பத்திரிகை அலுவலகம் மூலமா போன் பண்ணச் சொல்லிட்டேன். இதே நிலைமையில இருக்கிற மத்தவங்களுக்காக இங்கயும் எழுதுறேன்.

பெரிசுபடுத்துங்கம்மா. எப்பவும் புலம்புறவங்கிறதாலயே கவனிக்காம விடுற ஆபத்து இருக்கு. பதிவை அழிச்சதும், மறுநாள் சாதாரணமாப் பேசுறதும் சரியாயிருச்சுங்கிறதுக்கு அத்தாட்சி இல்ல. குழுவுல எதுவும் எழுதாதீங்க. நேர்ல போய்த் தனியா உக்காந்து, ‘நேத்து நீ எழுதினதைப் படிச்சேன். உயிரை விட்டுரலாம்னு தோணுதா?’ன்னு நேராவே கேளுங்க. அப்படிக் கேட்டா நாமளே எண்ணத்தைத் தூண்டி விட்டுருவோமோன்னு நிறையப் பேர் பயப்படுறாங்க. அப்படி ஆகாது. யாரோ கேட்டாங்கன்னு பாரம்தான் இறங்கும். ஆமான்னு சொன்னா அவளைத் தனியா விடாதீங்க. வீட்டுல அவ நம்புற ஒருத்தருக்குச் சொல்லுங்க. இன்சார்ஜ்கிட்ட பேசி இப்போதைக்கு நைட்டும், தனி டியூட்டியும் போடாம பாருங்க. மனநல மருத்துவர்கிட்ட நீங்களே கூட்டிட்டுப் போங்க; மதுரை பெரிய ஆஸ்பத்திரியில அந்தப் பிரிவு இருக்கு. ராத்திரி எந்த நேரமானாலும் அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இல்லைன்னா 104, ரெண்டுலயும் தமிழ்லயே பேசலாம். அவகூட உக்காந்து நீங்களே நம்பரைப் போட்டுக் குடுங்க.

பேசி முடிச்சதும் அந்தப் பொண்ணு என்ன சொன்னா, சாப்பிட்டாளான்னு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க.